மூடிக்குள் ஒரு குற்றாலம்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் மூன்றாம் வாரம். கல்லூரிகளை மூடச் சொல்லி ஆணை வந்த நேரம். எங்கள் துறை அறையில் ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு அச்சுப்பொறிகள் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தன. இங்க்ஜெட் பிரிண்டர் என்று எல்லோரும் வழங்கும் மைத்தாரை அச்சுப்பொறிகள். அவற்றுள் ஒன்றை ஆய்வக உதவியாளர் வழக்கம்போல் அதன் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். அது சற்றே முனகிவிட்டு அடங்கியது. மற்றொன்றில் நான் செய்முறைத் தேர்வுக்கான தாள்களை அச்சிட்டுக்கொண்டிருந்தேன். பாதித் தாளில் மின்சாரம் போயிற்று. சிறிது நேரம் காத்திருந்தேன். பேருந்துக்கு நேரமாகிவிடவே, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புறப்பட்டேன். சில நாட்களில் திரும்பிவிடுவோம் என்பதுதான் அன்று எல்லோருடைய எண்ணமும்.

பல மாதங்கள் கழித்து அறை திறக்கப்பட்டது. முதல் அச்சுப்பொறி ஒரு முறை தன்னைத் தூய்மை செய்துகொண்டதும் குறைவின்றி அச்சிட்டது. இரண்டாவதன் வாயில் அந்தப் பாதித் தாள் அப்படியே இருந்தது. எத்தனை முறை முயன்றும் கறுப்பு நிறம் வரவேயில்லை. நீலம் கீறல் கீறலாக வந்தது. தென்காசிக் கடைத்தெருவிலிருந்து வந்த பழுதுபார்ப்பவர் அச்சுத்தலையையே மாற்ற வேண்டும் என்றார். அதன் விலை புதிய பொறியின் விலையில் பாதிக்கு மேல். குற்றவாளி நானே, மின்தடைமேல் பழிபோட்டுப் பயனில்லை.

இரண்டு பொறிகளிலும் இருந்தது ஒரே மை. இரண்டும் கிடந்தது ஒரே அறையில், ஒரே காலம். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். முதல் பொறியின் அச்சுத்தலை வலப்பக்க ஓரத்துக்குப் போய் உறங்கிற்று. இரண்டாவதன் தலை நடுவழியிலேயே நின்றுவிட்டது. இடையில் ஒரு சாண் தூரந்தான். அந்த ஒரு சாண் எப்படி இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கிற்று என்று அறிந்துகொண்டால், அச்சுப்பொறியை நெடுநாள் பாதுகாத்து வைக்கும் முறைகள் யாவும் தாமாகவே விளங்கும்.

கதவில்லாத துளை

அச்சுத்தலையின் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமனே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்றால் இத்துளைகளின் நுண்மையை எண்ணிப் பாருங்கள். துளையிலிருந்து தெறிக்கும் துளியின் பருமனளவு சில பிக்கோலிட்டர்கள். 4 பிக்கோலிட்டர் துளி ஒன்று உருண்டையானால் அதன் விட்டமும் 20 மைக்ரான் அளவே வரும். ஒரு மில்லிலிட்டர் மையிலிருந்து இத்தகைய துளிகள் 25 கோடி கிடைக்கும்!

துளியை வெளியே தள்ளுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெப்பக் குமிழி முறை. துளைக்கு அருகிலுள்ள நுண்ணிய மின்தடை ஒன்று நொடியில் மில்லியனில் சில பங்கு நேரத்துக்கு 300 பாகை அளவுக்குச் சூடேறுகிறது. அதைத் தொட்டிருக்கும் மெல்லிய மைப்படலம் ஆவியாகிக் குமிழியாக வீங்க, அதன் முன்னால் இருக்கும் மை துளியாகத் தெறிக்கிறது. 1977 இல் ஜப்பானின் கேனான் நிறுவனத்தில் இதைக் கண்டறிந்தனர். சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாக மை நிறைந்த ஊசியில் பட, மை தெறித்ததே இதற்குத் தொடக்கம் என்று சொல்வார்கள். மற்றொன்று அழுத்தமின் முறை. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்று 1880 இல் கியூரி உடன்பிறப்புகள் கண்டனர். அதன் மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் அவை வளையும். அப்படி வளையும் தகடு மையைப் பிதுக்குகிறது. வெப்பக் குமிழி வகையில் பல மாதிரிகளில் அச்சுத்தலை கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வரும். அடைத்துக்கொண்டால் கார்ட்ரிட்ஜை மாற்றிவிடலாம். அழுத்தமின் வகையில் தலை பொறியோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. எங்களுடையது இந்த வகை. அதனால்தான் செலவு.

மைத்தாரையின் வரலாற்றில் சுவையான ஒரு செய்தி உண்டு. 1951 இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்ற சுவீடன் நாட்டு எல்ம்க்விஸ்ட், இதயத்தின் மின்துடிப்பு போன்றவற்றைத் தாளில் வரைவதற்காகவே அதை அமைத்தார். 1958 இல் மனித உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இதயமுடுக்கியைச் செய்தவரும் அவரே.

நமது பொருளுக்குத் திரும்புவோம். மை துளை வழியாகத் தானாகவே ஏன் ஒழுகிவிடவில்லை? அங்கே குழாயில் இருப்பதுபோல் திருகு எதுவும் இல்லை. மையைத் தாங்குவது பரப்பு இழுவிசை. துளையின் வாயில் மை ஒரு சிறு வளைபரப்பாக நிற்கிறது. மையின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன் என்று கொண்டால், 20 மைக்ரான் துளையில் அந்த வளைபரப்பு 6000 பாஸ்கல் அழுத்தம் வரை தாங்கும். அதாவது 60 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். இது ஏட்டுக் கணக்கு. துளையைச் சுற்றியுள்ள தகடு மையால் நனைந்துவிட்டால் இந்த வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். ஆதலால் தலைக்குள் மையின் அழுத்தம் வெளிக்காற்றினதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்குமாறு பொறியை அமைக்கிறார்கள்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. நூற்றுக்கணக்கான துளைகளிலும் மை எந்நேரமும் காற்றோடு முகத்துக்கு முகம் நின்றுகொண்டிருக்கிறது. இடையில் கதவு இல்லை.

மை உலரும் விதம்

சிவகாசியின் ஆப்செட் அச்சகங்களில் பயன்படும் மை எண்ணெய்ப் பசை போன்றது. அது நீர் வற்றி உலர்வதன்று. தாளில் ஊறியும் காற்றின் ஆக்சிசனோடு வினைபுரிந்தும் இறுகுவது. டப்பாவைத் திறந்து வைத்தாலும் மேலே ஏடு படியுமே தவிர உள்ளே அவ்வளவு எளிதில் கெடாது. நம் மேசைமேல் இருக்கும் மைத்தாரைப் பொறியின் மையோ பெரும்பகுதி நீர். 20 மைக்ரான் துளையில் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை தெறிக்க வேண்டுமானால் அது நீரைப்போல் ஓடியாக வேண்டும். நீருடன் கிளிசரின், கிளைக்கால் போன்ற நீர் கவரும் பொருள்களும், நிறம் தரும் பொருளும், பூஞ்சை பிடிக்காமல் காக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும்.

சிறு துளி எவ்வளவு விரைவில் உலரும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காற்றில் தனித்து நிற்கும் துளி முழுவதும் ஆவியாக ஆகும் நேரம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். 2 மி.மீ. விட்டமுள்ள நீர்த்துளி உலர ஒரு மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். அதில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள 20 மைக்ரான் துளிக்கு அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும்; அதாவது ஒரு நொடிகூட வேண்டியதில்லை. அச்சுத்தலையின் துளையில் நிற்கும் மைக்குப் பின்னாலிருந்து புது நீர் வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால் அது அவ்வளவு விரைவில் உலர்வதில்லை. இருந்தாலும் அச்சிடும்போதே, சிறிது நேரம் வேலையில்லாமல் இருக்கும் துளைகளின் மை தடித்துவிடுகிறது. அதனால் தலை அவ்வப்போது ஓரத்துக்குச் சென்று எல்லாத் துளைகளாலும் சில துளிகளைத் துப்பிவிட்டு வருகிறது. வெற்றிலை போடுபவர் திண்ணை ஓரத்துக்குப் போய்விட்டு வருவதைப்போல!

நீர் வெளியேறிய பின் எஞ்சுவது கிளிசரின் மிகுந்த பாகு. தூய கிளிசரினின் பாகுநிலை அறை வெப்பநிலையில் நீரினதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். ஆகவே மை முதலில் தேனாகிறது; பிறகு பிசினாகிறது; கடைசியில் பொருக்காகிறது. தேன் நிலையில் இருக்கும்போது புது மை வந்து சேர்ந்தால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பொருக்கான பின் திரும்புமா என்பது நிறப்பொருளைப் பொறுத்தது.

நிறப்பொருளில் இரு வகை. சாயம் நீரில் கரைவது; உப்பு நீரில் கரைவதைப்போல. நீர் வற்றினாலும், மீண்டும் நீர் ஊற்றினால் பெரும்பாலும் கரையும். நிறமியோ கரைவதன்று, மிக நுண்ணிய துகள்களாக நீரில் மிதப்பது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதவாறு வேறு பொருள்கள் அத்துகள்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. நீர் வற்றித் துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிவது அரிது. சுவரில் அடித்துக் காய்ந்த சுண்ணாம்பை நீர் தெளித்து மீண்டும் வாளிக்குள் கொண்டுவர முடியுமா? ஊற்றுப்பேனா வைத்திருப்பவர்கள் இதை அறிவார்கள். சாதாரண நீல மை காய்ந்துபோன பேனாவை இரவு முழுவதும் நீரில் போட்டால் காலையில் எழுதும். படம் வரையும் கறுப்பு இந்தியன் இங்க் காய்ந்துபோன பேனா எழுதாது. அது கரித்துகளும் அரக்கும் கலந்தது. பல அச்சுப்பொறிகளில் கறுப்பு மட்டும் நிறமி, மற்ற மூன்றும் சாயம். எங்கள் பொறியில் கறுப்பு முற்றிலும் போய், நீலம் பாதி பிழைத்ததன் பொருள் இதுவே.

சாரலும் கரிசலும்

உலர்தலின் வேகத்தை முடிவு செய்வது வெப்பம் மட்டுமன்று. காற்றில் ஏற்கெனவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதும் ஆகும். இதை விளக்க எங்கள் ஊரைவிடச் சிறந்த இடம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் ஓர் இடைவெளியாக அமைந்திருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே ஈரத்தோடு இப்பக்கம் நுழைகிறது. சூன் மாதம் முதல் குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரல். அதே மாவட்டத்தின் கிழக்கே சங்கரன்கோவில் கரிசலில் அந்த நாட்களில் வறண்ட காற்று வீசிக்கொண்டிருக்கும்.

பேரருவிக்குச் சற்று எட்டத்தில் நின்றாலும் நுண்ணிய துளிகள் மிதந்து வந்து முகத்தில் படுகின்றன அல்லவா? அவ்வளவு சிறிய துளிகள் ஏன் வழியிலேயே உலர்ந்துவிடவில்லை? அங்குள்ள காற்று நீராவியால் ஏறத்தாழத் தெவிட்டியிருப்பதே காரணம். தெவிட்டிய காற்றில் எவ்வளவு சிறிய துளியும் உலர அவசரப்படுவதில்லை.

எண்களால் பார்ப்போம். சாரல் நாள் ஒன்றில் வெப்பநிலை 27 பாகை, ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காடு என்று கொள்க. 27 பாகையில் தெவிட்டிய ஆவியழுத்தம் 3.57 கிலோபாஸ்கல். அதில் 15 விழுக்காடு குறைவு என்றால் 0.53 கிலோபாஸ்கல். உலர்த்தும் ஆற்றல் இவ்வளவுதான். இனிச் சித்திரை மாதப் பிற்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 37 பாகை, ஈரப்பதம் 35 விழுக்காடு. தெவிட்டிய ஆவியழுத்தம் 6.28, குறைவு 65 விழுக்காடு, ஆகவே 4.08 கிலோபாஸ்கல். முன்னதைப்போல் ஏழரை மடங்கு! (எண் கணக்கில் தானாக வந்தது, சோதிடம் இல்லை.) மார்ச் மாதத்தில் திறந்த தலையோடு விடப்பட்ட எங்கள் பொறி, ஆண்டிலேயே மிக வறண்ட வாரங்களைத்தான் முதலில் சந்தித்தது. சாரல் தொடங்குவதற்குள் அதன் கதை முடிந்திருக்கும்.

அப்படியானால் சாரல் காலத்து ஈரம் அச்சுப்பொறிக்கு நல்லதா? மைக்கு நல்லது. பொறிக்குக் கெடுதல். ஈரக்காற்றில் மின் இணைப்புகளின் உலோக முனைகள் களிம்பேறும். இரும்புத் தண்டுகள் துருப்பிடிக்கும். தட்டில் இருக்கும் தாள் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும். தூசியும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை படரும். ஒரே பெட்டிக்குள் மைக்குக் குற்றாலம் வேண்டும், மற்ற உறுப்புகளுக்குச் சங்கரன்கோவில் வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதற்காகவே பொறியின் ஓரத்தில் ஒரு சிறு மூடி இருக்கிறது.

வலப்பக்க ஓரத்து மூடி

பெரும்பாலான பொறிகளில் அச்சுத்தலை ஓய்வுகொள்ளும் இடம் வலப்பக்க ஓரம். அங்கே ரப்பர் உதடு வைத்த சிறிய கிண்ணம் ஒன்று உண்டு. அதற்குள் மையில் நனைந்த பஞ்சு போன்ற பட்டை. அடியில் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் சிறு பம்பு. பொத்தானை அழுத்தி நிறுத்தும்போது தலை அந்த ஓரத்துக்குச் செல்ல, கிண்ணம் மேலெழுந்து துளைகள் அத்தனையையும் பொத்திக்கொள்கிறது. நிறுத்தியதும் நாம் கேட்கும் முனகல் ஒலி இதுதான். பிளக்கைப் பிடுங்கினாலோ சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தாலோ பொறிக்கு இதைச் செய்ய நேரம் கிடைப்பதில்லை.

மூடிக்குள் அடைபடும் காற்று மிகச் சிறிது. ஒரு கன செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 பாகையில் அதைத் தெவிட்டச் செய்ய எவ்வளவு நீர் தேவை? 0.03 மில்லிகிராம் மட்டுமே. பஞ்சில் இருக்கும் ஈரம் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. எனவே மூடி நன்றாகப் பொருந்தியிருந்தால் உள்ளே எந்நேரமும் சாரல்தான். பூக்காரர் மல்லிகையை ஈரத்துணியால் மூடி வைப்பதும் இதே கொள்கை.

பொருந்தியிருந்தால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரப்பர் உதட்டில் தாள்தூசியோ காய்ந்த மைப்பொருக்கோ ஒரு தலைமயிரோ ஒட்டியிருந்தால் அங்கே ஓர் இடைவெளி. அதன் வழியே நீராவி இரவு பகலாகக் கசியும். சில மாதங்களில் பஞ்சும் காய்ந்துவிடும். பிறகு அந்தப் பஞ்சே துளைகளிலிருந்து ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். தூய்மை செய்யும்போது மையை உறிஞ்சி இழுப்பதும் இதே மூடி வழியாகத்தான் என்பதால், மூடி கெட்டால் நோயும் வரும், மருந்தும் வேலை செய்யாது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டில் பேனா மையை மூன்று சிறு சொட்டுகளாக வையுங்கள். ஒன்றைத் திறந்து விடுங்கள். இரண்டாவதன்மேல் புட்டி மூடி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். மூன்றாவதற்கு ஈரப்பஞ்சு ஒட்டிய மூடியைக் கவிழ்த்து, அதன் விளிம்பில் சிறிது வாசலின் தடவிவிடுங்கள். பங்குனி வெயிலில் ஒரு முறையும் சாரலில் ஒரு முறையும் இதைச் செய்து, ஒவ்வொன்றும் உலர ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டால் மேலே சொன்ன கணக்கு உங்கள் கையாலேயே மெய்ப்பிக்கப்படும்.

உறங்க வைக்கும் முறை

இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போவதானால் பொத்தானை அழுத்தி நிறுத்தினால் போதும், வேறொன்றும் வேண்டாம். கோடை விடுமுறை போல ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை என்றால் கீழ்க்கண்ட ஆயத்தம் தேவை. அதற்கும் மேலானால், மையை வடித்துத் தலையையும் குழாய்களையும் தூய்மை செய்யும் நீர்மத்தால் நிரப்பி வைக்க வேண்டும். அது பழுதுபார்ப்பவரின் வேலை. அதைவிட, பயன்படுத்தக்கூடிய ஒருவரிடம் அந்த ஆண்டு முழுதும் பொறியைக் கொடுத்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

முதலில் துளைச் சோதனைத் தாள் ஒன்று அச்சிடுங்கள். விடுபட்ட கோடுகள் இருந்தால் இப்போதே தூய்மை செய்து சரியாக்க வேண்டும். அரைகுறையாக அடைத்த துளை உறக்கத்தில் முழுவதும் அடைத்துக்கொள்ளும். அந்தத் தாளில் நாளைக் குறித்துப் பத்திரப்படுத்துங்கள். தொட்டியில் மை குறைந்த அளவுக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். மை வீணாகிவிடுமே என்று சிலர் தொட்டியைக் காலியாக்குவார்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்றி மேசை இழுப்பறையில் போடுவார்கள். இரண்டும் தவறு. காலியான குழாயில் காற்றுப் புகுந்து, எஞ்சிய மை சுவரோரமாகக் காயும். கழற்றிய கார்ட்ரிட்ஜின் துளைகளுக்கு மூடியும் இல்லாமற் போகும். துளைகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டுவதும் வேண்டாம். நாடாவுக்கும் தகட்டுக்கும் இடையே நுண்புழை விளைவால் ஒரு நிற மை மற்றொரு நிறத்தின் துளைக்குள் நகர்ந்துவிடும்.

அடுத்தது மூடி. பொறியின் கையேடு இடமளிக்குமானால், பஞ்சுநார் உதிராத துணியை வாலைவடிநீரில் நனைத்து ரப்பர் உதட்டை மெதுவாகத் துடையுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் விற்கும் வாலைவடிநீர் போதும். கிணற்று நீரோ குழாய் நீரோ கூடாது. அவற்றிலுள்ள உப்புகள் நீர் வற்றியபின் தங்கிவிடும். மூடிக்குள் இருக்கும் பட்டையில் இரண்டு மூன்று சொட்டு அதே நீரை விடலாம். சில மாதிரிகளில் மூடியைக் காண, தலை நகரும்போது பிளக்கைப் பிடுங்கி அதைக் கையால் ஒதுக்க வேண்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சந்தர்ப்பம் இதுதான். வேலை முடிந்தவுடன் மின்சாரம் கொடுத்துத் தலையைத் தன் இடத்துக்குப் போகச் செய்ய வேண்டும்.

பிறகு பொத்தானை அழுத்தி, விளக்கு அணைந்து ஒலி முற்றிலும் அடங்கும்வரை பொறுத்திருந்து, அதன்பின் பிளக்கை எடுங்கள். அச்சிடும்போது மின்தடை ஏற்பட்டால், மின்சாரம் வந்ததும் ஒரு முறை பொறியை இயக்கிப் பொத்தானால் நிறுத்த வேண்டும். அன்று நான் செய்திருக்க வேண்டியதும் அதுவே. நான் இல்லாவிட்டாலும் யாரிடமாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

தட்டிலுள்ள தாளை எடுத்து உறையில் போட்டு வையுங்கள். பொறியை இடம் மாற்றுவதானால் சில தொட்டி மாதிரிகளில் உள்ள மைத்தடுப்புத் திருகை மூடி, பொறியைச் சாய்க்காமல் தூக்க வேண்டும். சாய்த்தால் தொட்டியின் மட்டம் தலையைவிட உயர்ந்து, முன்பு கண்ட வளைபரப்பு தோற்றுவிடும். வைக்கும் இடம் மேற்குச் சன்னலோரமாக இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் சாரல் நுழைவது அவ்வழியே. மொட்டைமாடிக்கு நேர்கீழே கொதிக்கும் அறையும் ஆகாது.

பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி வைப்பது பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். சாரல் நாளில் 28 பாகை, 85 விழுக்காடு ஈரமுள்ள காற்றை உள்ளே வைத்துக் கட்டினால், அதன் பனிநிலை ஏறத்தாழ 25 பாகை. இரவில் வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கியதும் உறைக்குள்ளேயே நீர் துளிர்க்கும். எனவே தூசி படாமல் பருத்தித் துணியால் மூடி, அட்டைப் பெட்டிக்குள் வைப்பதே மேல். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு பெட்டியின் மூலையில் வைக்கலாம், ஆனால் அளவோடு. புகைப்படக் கருவிக்கு அது நண்பன். அச்சுப்பொறியிலோ மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், இரும்பைக் காக்க நாம் வைத்த பொட்டலமே மையை உலர்த்திவிடும். 40 முதல் 60 விழுக்காடு வரை ஈரப்பதம் இருந்தால் இரு தரப்புக்கும் உடன்பாடு. எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறாதபடி தாள் நுழையும் வாயையும் மூடிவிடுங்கள். இது இயற்பியலில் சேராது. ஆனாலும் எங்கள் ஊரில் பழுதுகள் பலவற்றுக்குப் பல்லி முட்டையே காரணம்.

எழுப்பும்போது

பெட்டியிலிருந்து எடுத்ததும் உடனே இயக்காமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் விடுங்கள். பிறகு சோதனைத் தாள். பழைய தாளோடு ஒப்பிட்டால் எந்த நிறத்தில் எத்தனை கோடு விடுபட்டுள்ளது என்பது தெரியும். தூய்மைச் செயல் ஒரு முறை. தேவையானால் இன்னொரு முறை. அதற்கு மேல் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் உறிஞ்சப்படும் மை கழிவுப் பட்டையில் போய்ச் சேர்கிறது. அது நிரம்பினால் பொறி வேலை செய்ய மறுக்கும். வெப்பக் குமிழி வகையில் மை இல்லாத துளையின் மின்தடை வெறுமே சூடேறி எரிந்தும் போகலாம்.

இரண்டு முறை பார்த்துவிட்டு ஓரிரவு அப்படியே விடுவதற்கு இயற்பியல் காரணம் உண்டு. துளையில் உறைந்த பாகைக் கரைப்பது விசையன்று, விரவல். பின்னாலிருக்கும் புது மையின் நீர், மூலக்கூறு மூலக்கூறாகப் பாகுக்குள் நுழைய வேண்டும். நீரில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தூரம் விரவப் பத்து நொடி போதும். ஆனால் பாகுநிலை ஆயிரம் மடங்கானால் விரவலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மெதுவாகும்; பத்து நொடி என்பது மூன்று மணி நேரமாகிவிடும். பொறுமையின்றி ஊசியால் குத்துபவர்களையும், மருந்தூசிக் குழாயால் அழுத்தி நீர் ஏற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன். 20 மைக்ரான் துளைக்குத் தையல் ஊசி கடப்பாரை அன்றோ?

மாதம் சில தாள்களே அச்சிடுபவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் வாங்க வேண்டியது மைத்தாரைப் பொறியே அன்று, லேசர் பொறி. அதன் நிறப்பொருள் உலர்ந்த தூள். உலர்வதற்கு அதில் எதுவும் இல்லை. சாரல் காலத்தில் தாள் மட்டும் சற்றுத் தொல்லை கொடுக்கும்.

எங்கள் துறையில் அந்த இரண்டாவது பொறி புதுத் தலையோடு மீண்டும் ஓடத் தொடங்கியது. அதன்மேல் ஆய்வக உதவியாளர் சிவப்பு மையில் எழுதி ஒட்டிய சீட்டு, "முதலில் பொத்தான், பிறகு பிளக்" என்கிறது. யாருக்காக ஒட்டினார் என்று நான் கேட்கவில்லை. பணி நாட்களில் திங்கட்கிழமைதோறும் இரண்டு பொறிகளிலும் ஒரு சோதனைத் தாள். கோடை விடுமுறைக்கு முன் மேலே சொன்ன ஆயத்தம் முழுவதும். சென்ற விடுமுறை முடிந்து திறந்தபோது கறுப்பில் இரண்டு கோடுகள் விடுபட்டிருந்தன. ஒரு முறை தூய்மை செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் காலையில் ஒரு கோடு வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் மற்றதும் வந்தது.